காட்டிக்கொடுத்த மூட்டை

அத்தியாயம் ஒன்பது

"சார்ஜெண்ட், இந்த எறும்புங்களைக் கொஞ்சம் பாருங்க. ஒண்ணுகூட நேரா நடக்க மாட்டேங்குது. சொனோரா மலையில சட்டத்துக்குப் பயப்படாமக் குடிக்கிற சாதி இது ஒண்ணுதான்."

கோவேறு கழுதையின் முதுகிலிருந்து இறங்காமலே தாச்சோ சொன்னான். இலாரியோ கலாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கழுகுப் பள்ளத்தின் அடியில், உடைத்துக் கொட்டிய ஊறல் குழியின் விளிம்பில் அவர் குந்தியிருந்தார். குழியிலிருந்து வழிந்த கற்றாழைச் சக்கை வெயிலில் காய்ந்து தோலாகியிருந்தது. பக்கத்தில் செப்புப் பானை. கோடரியால் கொத்திக் கொத்தி அதை அப்பளம் ஆக்கியிருந்தார்கள் குதிரைப் போலீஸார்.

பக்கனோரா என்ற இந்தக் கற்றாழைச் சாராயத்தைக் காய்ச்சக் கூடாது என்று மாநிலத்தில் சட்டம் வந்து நாற்பது வருஷம் ஆகிறது. நாற்பது வருஷமும் மலையில் காய்ச்சிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஞானஸ்நானத்துக்கு அதுதான், கல்யாணத்துக்கு அதுதான், சாவுக்கு அதுதான், தேள் கொட்டினால் தடவுவதற்கும் அதுதான். போலீஸ்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மட்டும் தண்ணீரா ஊற்றுகிறார்கள்?

தாச்சோ அந்தச் சரக்கைக் கழுதை மேல் ஏற்றி மலை தாண்டியவன். இலாரியோ அவனை இரண்டு முறை பிடித்தவர். இரண்டாவது முறை பிடித்த கையோடு அவர் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். காரணம் கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார். ஜெயிலிலிருந்து வெளியே வந்த தாச்சோ நேராக அவர் வாசலில் போய் நின்று, "என்னைப் பிடிக்க இனிமே நல்ல ஆள் இல்ல. தொழிலே சப்புன்னு போச்சு. ஏதாவது வேலை போட்டுக் குடுங்க" என்று கேட்டான். அன்றிலிருந்து காணாமல் போன மாடு, காணாமல் போன மாப்பிள்ளை என்று இருவரும் சேர்ந்துதான் தேடுகிறார்கள். சீருடை போன பிறகும் அவன் அவரை சார்ஜெண்ட் என்றே கூப்பிட்டான். கிண்டல் செய்வதற்கு அது வசதியாக இருந்தது.

இந்த முறை காணாமல் போனது மாடில்லை. ஒரு துரோகியின் பெயர்.

போன வாரம் இந்தப் பள்ளத்தில் ஃபெர்மீன் துவார்த்தே தனியாகக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது குதிரைப் போலீஸ் சுற்றி வளைத்தது. அவன் துப்பாக்கியை எடுத்துக் குறி வைத்தான், விசையை இழுத்தான். 'டிக்' என்றது. மறுபடி இழுத்தான். மறுபடி 'டிக்'. உள்ளே ஒரு தோட்டாவும் இல்லை. துப்பாக்கியை வீசிவிட்டுப் பாறையில் ஏறி ஓடினான், கால் வழுக்கியது, பள்ளத்தின் மறுபக்கம் விழுந்து செத்தான். போலீஸ்காரர்களே இதை ஊரில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவனுடைய அண்ணன் அபுந்தியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மலையில் காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் அபுந்தியோ சொன்னால் உட்காருவார்கள், எழுவார்கள். யாரோ ஒருவன் இடத்தைச் சொல்லியிருக்கிறான். யாரோ ஒருவன் துப்பாக்கியைக் காலி செய்திருக்கிறான். முந்தின இரவு ஃபெர்மீனோடு பள்ளத்தில் படுத்து, விடியும்போது கிளம்பிப் போனவன் மெலித்தோன். ஃபெர்மீனின் உயிர்ச் சிநேகிதன், அவன் மகளுக்கு ஞானத்தகப்பன். இதற்கு மேல் என்ன வேண்டும்? மெலித்தோன் இப்போது அபுந்தியோவின் மாட்டுத் தொழுவத்தில் சங்கிலியில் கிடக்கிறான்.

மெலித்தோன் அப்படிச் செய்பவன் இல்லை என்று ஊர்ப் பாதிரியார் கெஞ்சியதால்தான் அபுந்தியோ இலாரியோவைக் கூப்பிட்டான். "சாயங்காலக் கோயில் மணி வரைக்கும் டைம், சார்ஜெண்ட். வேற பேரு கொண்டாந்தா வேற பேரு. இல்லன்னா கையில இருக்கற பேரே போதும்."

சூரியன் இன்னும் உச்சிக்கு வரவில்லை.

"தாச்சோ, கற்றாழை சுட்டா வாசனை எவ்வளவு தூரம் போகும்?"

"காத்து ஒத்துழைச்சா எங்க அத்தை மூக்கு வரைக்கும் போகும். அவ அடுத்த ஜில்லால இருக்கா."

"இந்த மாசம் காத்து மேற்கேயிருந்து. போலீஸும் மேற்கேயிருந்துதான் வந்தாங்க. குளம்புத் தடம் அங்க இருக்கு பாரு. அவங்களுக்கு வாசனையும் வந்திருக்காது, புகையும் தெரிஞ்சிருக்காது. ஆனா நூல் பிடிச்ச மாதிரி நேரா வந்து குழி மேல நின்னிருக்காங்க."

"யாரோ சொல்லியிருக்கான். அதான் நமக்கு முன்னமே தெரியுமே. இதுக்கா இவ்வளவு நேரம் மோந்து பார்த்தீங்க?"

"இடத்தைச் சொன்னது பெரிசில்ல. நாளைச் சொல்லியிருக்காங்க. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா என்ன பார்த்திருப்பாங்க?"

தாச்சோ கழுதையிலிருந்து இறங்கினான். தொழில் பேச்சு வந்தால் அவனால் உட்கார்ந்திருக்க முடியாது. "ஒண்ணும் இருக்காது. மூடின குழி, மேல ஓலை, அதுக்கு மேல மண்ணு. குதிரை அது மேலயே நின்னு மூத்திரம் பெய்ஞ்சாலும் தெரியாது."

"ரெண்டு நாள் கழிச்சு?"

"வெறும் சாம்பல்."

"ஊறல் பக்குவமாற நாள் எப்படித் தெரியும்?"

"அது என்ன ஈஸ்டர் வாரமா, காலண்டர்ல சிவப்பு மையில போட? பனி விழுந்தா தள்ளிப் போகும். வெயில் காய்ஞ்சா முந்திக்கும். குழி மேல காதை வெச்சுக் கேக்கணும். உள்ளே கொதிக்கிற சத்தம் அடங்கிச்சுன்னா எடுத்துடணும். பொண்டாட்டி திட்டற மாதிரிதான், சார்ஜெண்ட். ஓஞ்சுதான்னு வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் உள்ளே போகணும்."

"அப்ப அந்த நாள் யாருக்குத் தெரியும்?"

"காது வெச்சவனுக்கு. அப்புறம் அவன் யார்கிட்ட சொன்னானோ அவனுக்கு."

"மெலித்தோன் இங்க வந்தது முந்தின நாள் பொழுது சாய. போலீஸ் நிலையத்துலேர்ந்து இங்க வர குதிரைக்கு ஒரு பகல், ஒரு ராத்திரி ஆகும். மெலித்தோன் போய்ச் சொல்லி அவங்க வந்திருக்கணும்னா, குதிரைக்கு றெக்கை இருந்திருக்கணும்."

"போலீஸ் குதிரைக்கா! அது நடக்கறதையே நான் ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன். ரெண்டு தடவையும் என்னைப் பிடிச்சுட்டு வீட்டுக்குப் போறப்ப."

இலாரியோவின் உதடு ஒரு பக்கம் அசைந்தது. அதுதான் அவருடைய சிரிப்பு. பிறகு எழுந்து, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, அடுப்பைச் சுற்றி வந்தார். ரொட்டி சுற்றிய துணி ஒன்று அவிழ்ந்து வெறுமையாகக் கிடந்தது. உப்புக்கண்டத் துணுக்கை எறும்புகள் தள்ளாடித் தள்ளாடி இழுத்துக்கொண்டிருந்தன. தாச்சோ மண்ணிலிருந்து ஒரு மாட்டுக் கொம்புக் குவளையை எடுத்து ஊதினான்.

"முத்து நிக்குதான்னு பார்க்கற கொம்பு. நல்ல சரக்குன்னா இதுல ஊத்தறப்ப நுரை முத்து முத்தா கட்டி நிக்கும். இதை இங்கயே போட்டுட்டுப் போயிருக்கானுங்கன்னா, குழாயில நேரா வாயை வெச்சிருக்கானுங்க. ரசனை கெட்டவனுங்க."

"மேல பாரு" என்றார் இலாரியோ.

வேலமரத்தின் கிளைக் கவட்டையில், எறும்பு ஏறாமல் இருக்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டபடி, ஒரு கம்பளி மூட்டை. செத்தவனைத் தூக்கிப் போனவர்கள் எல்லாரும் பள்ளத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

தாச்சோ ஏறி அவிழ்த்து இறக்கினான். முடிச்சு இறுக்கமாக, இரட்டையாகப் போட்டிருந்தது. பெண் கை போட்ட முடிச்சு. ஒருவரும் அதைத் தொட்டதாகவே தெரியவில்லை. இலாரியோ கத்தி முனையால் நெம்பி அவிழ்த்தார்.

உள்ளே வெள்ளைச் சட்டை ஒன்று, துவைத்து இஸ்திரி போட்டது. ஒரு சோப்புக் கட்டி. புகையிலை, ஒரு ஆள் ஒரு மாசம் புகைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போடுகிற கறுப்பு பூட்ஸ் ஜோடி, பளபளவென்று துடைத்தது.

"அட! காய்ச்ச வந்தாரா, மாப்பிள்ளை ஆக வந்தாரா?" தாச்சோ பூட்ஸை எடுத்து ஆட்டினான். "ஊறலுக்கு மரியாதையா வெள்ளைச் சட்டை. அடுப்புக்கு முன்னாடி டான்ஸ் ஆடக் கறுப்பு பூட்ஸ். ஆனா பாருங்க, பூட்ஸுக்குக் கயிறே இல்ல. உருவி எடுத்திருக்கு. எங்க அம்மாவும் இதே மாதிரிதான். உள்ளே போறப்ப வாசல்லயே கயித்தைப் பிடுங்கிடுவான், புதுக் கயிறு எதுக்கு வீணாப் போகணும்னு வீட்டுலயே உருவி வெச்சுட்டு..."

ஆட்டிய பூட்ஸைக் கீழே இறக்கினான்.

இலாரியோ நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "முழுசாச் சொல்லு."

தாச்சோ பூட்ஸை மெதுவாகக் கம்பளி மேல் வைத்தான். "வெள்ளைச் சட்டை ஜட்ஜுக்கு முன்னாடி நிக்க. புகையிலை உள்ளே இருக்கறவனுங்களுக்குக் குடுத்து சிநேகம் பிடிக்க. கம்பளி, அங்க தரை ஈரம். சோப்பு..." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இது ஜெயில் மூட்டை, சார்ஜெண்ட்."

பள்ளத்துக்கு மேலே ஒரு கழுகு வட்டமடித்துவிட்டுப் போனது.

"அவன் இதைத் திறக்கவே இல்ல" என்றார் இலாரியோ. "அவனுக்குத் தெரியாது. கட்டிக் குடுத்தவளுக்குத் தெரியும்."

*

ஃபெர்மீனின் மனைவி தெல்ஃபினா அடுப்படியில் நின்று மாவை முன்கையில் போட்டு விரித்துக்கொண்டிருந்தாள். கறுப்பு உடை, கைகள் மட்டும் மாவில் வெள்ளையாக இருந்தன. அவளுக்குப் பின்னால் பாயில் அவளுடைய சின்ன மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் இரண்டு கோப்பையில் காபி ஊற்றினாள்.

இலாரியோ தொப்பியைக் கழற்றினார். மூட்டையை மேஜை மேல் வைத்தார்.

அவள் கை நின்றது. விரித்த மாவு ஓரத்தில் கிழிந்து தொங்கியது.

"இதை எங்க எடுத்தீங்க?"

"மரத்துல தொங்கிச்சும்மா."

"கட்டை அவிழ்த்தாரா?"

"இல்ல. நாங்கதான் அவிழ்த்தோம்."

அவள் மெல்ல உட்கார்ந்தாள். "அன்னிக்குக் காலையில ரொட்டியோட கொண்டுபோய், ராத்திரி குளிரும், அப்ப திறங்கன்னு சொல்லிக் குடுத்தேன். பகல்லயே வந்துட்டாங்க." பிறகு, தனக்குத்தானே சொல்வது போல, "பார்க்கலயா? நல்லது. பார்த்திருந்தா என்னன்னு புரிஞ்சிருக்கும்."

தாச்சோ காபியைக் குடித்தான்.

"யார்கிட்டம்மா சொன்னீங்க?" என்றார் இலாரியோ.

"போலீஸ் கேப்டன்கிட்ட." மறைக்கிற குரல் இல்லை அது. யாராவது கேட்க வேண்டுமே என்று ஒரு வாரமாகக் காத்திருந்த குரல். "சந்தைக்குப் போறப்ப அவர் வீட்டுக்குப் பாலாடைக்கட்டி குடுப்பேன். அடுத்த தடவை கட்டியை கற்றாழை நார்ல கட்டாம துணியில கட்டி அனுப்பினா, மூணாம் நாள் அடுப்பு எரியுதுன்னு அர்த்தம். அப்படிப் பேசி வெச்சோம்."

"ஏம்மா?" தாச்சோதான் கேட்டான். அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"அவர் கைக்குத் துப்பாக்கி வந்துச்சு, தம்பி. அவங்க அண்ணன், பெரிய மச்சான்தான் வாங்கிக் குடுத்தாரு. 'இனிமே எவன் வந்தாலும் சும்மா விட மாட்டேன்'னாரு இவரு. போலீஸைச் சுட்டவன் எவனாவது இந்த மலையில உசிரோட இருக்கானா? சுடாதவன் மூணு மாசம் உள்ளே இருந்துட்டு வீட்டுக்கு வந்துடறான். எங்கப்பா வந்தாரு. இருமிக்கிட்டே வந்தாரு, ஆனா வந்தாரு. நான் எத்தனை தடவை சொன்னேன். அவங்க அண்ணன் இருக்கறப்ப என் பேச்சு எங்க ஏறும்?"

"துப்பாக்கி?"

"மெலித்தோன் அண்ணன்கிட்ட அழுதேன். குடிச்சுட்டு யாரையாவது சுட்டுடுவாரு, ராத்திரி அவர் தூங்கறப்ப தோட்டாவை எடுத்துடுங்கண்ணே, என் மேல ஆணைன்னேன். போலீஸ் விஷயம் அவர்கிட்ட சொல்லல. அவரு என் பேச்சை நம்பிச் செஞ்சாரு." அவள் பூட்ஸைத் தொட்டுப் பார்த்தாள். "கேப்டன் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாரு. ஒரு குண்டும் சுட மாட்டோம், பானையை உடைப்போம், ஆளை மட்டும் கொண்டுபோவோம்னு. அப்படியே செஞ்சாங்க, ஐயா. ஒரு குண்டுகூடச் சுடல. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாங்க."

பாயில் குழந்தை புரண்டு படுத்தது.

"மெலித்தோனைத் தொழுவத்துல கட்டிப் போட்டிருக்கு. உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"அடிச்சு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்." அவள் நிமிர்ந்தாள். "விட மாட்டாங்களா?"

"சாயங்கால மணி வரைக்கும்தாம்மா டைம்" என்றார் இலாரியோ.

அவள் கை மாவைக் கழுவினாள். அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் குழந்தைக்குக் காவல் வைத்தாள். கறுப்புத் துப்பட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"சார்ஜெண்ட்" என்று தாச்சோ அவர் காதருகே வந்து கிசுகிசுத்தான். "ஏதாவது செத்தவன் பேரைச் சொல்லிடலாம். போன மழையில அடிச்சுக்கிட்டுப் போனானே தபால்காரன், அவன் சொன்னான்னு வெச்சுக்குவோம். அவனுக்கும் ஒரு பேரு புகழ் கிடைச்ச மாதிரி இருக்கும்."

"செத்தவன் குழியில காதை வெச்சுக் கேட்டானான்னு அபுந்தியோ கேப்பான்."

"அப்ப என்னைச் சொல்லுங்க. நான்தான் கேடி. நான் நேரா எல்லை தாண்டி ஓடிடறேன்."

அவன் பாதி விளையாட்டாகத்தான் சொன்னான். பாதிதான். இலாரியோ அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு, "வாயை மூடு" என்றார், மிருதுவாக.

"என்ன குசுகுசுன்னு பேசறீங்க?" தெல்ஃபினா ஏற்கெனவே தெருவில் இறங்கியிருந்தாள். "அந்த மூட்டையைக் கட்டினது நான். நானே போய் அவிழ்க்கறேன். வாங்க."

*

அபுந்தியோவின் தொழுவத்துக்கு அரை மணி வழி. அவளைக் கழுதை மேல் ஏற்றி, தாச்சோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வேகமாக நடந்தான். அவனுக்கு இருந்த நம்பிக்கை ஒன்றே ஒன்று. மணி இன்னும் அடிக்கவில்லை. அபுந்தியோ கெட்டவனாக இருக்கலாம், சொன்ன நேரத்துக்கு முன்னால் எதையும் செய்ய மாட்டான்.

வேலி தெரிந்ததும் அவன் நடை தளர்ந்தது. ஊர் ஆண்கள் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். இத்தனை பேர் கூடிய இடத்தில் இத்தனை அமைதியை அவன் சாவு வீட்டில்தான் பார்த்திருக்கிறான். மாடுகள் எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன.

மரத்தடியில் ஒரு கம்பளி விரித்திருந்தது. அதன் ஒரு முனையில் தொப்பி. மறுமுனையில் இரண்டு கால்.

அபுந்தியோ தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பெரிய உடம்பு, நரைத்த மீசை. ஒரு வாரமாகத் தூங்காத கண்.

"மணி அடிக்கல" என்றார் இலாரியோ.

"அடிக்கல. அவனாத்தான் வாயைத் திறந்தான். 'துப்பாக்கியைக் காலி பண்ணது நான்தான், ஆனா ஏன்னு கேக்காதீங்க'ன்னான். எத்தனை பேரு காதுல விழுந்துச்சு, கேட்டுப் பாருங்க." அபுந்தியோ கூட்டத்தைப் பார்த்துக் கையைக் காட்டினான். "ஏன்னு கேக்கறதுக்கு அதுல என்ன இருக்கு, சார்ஜெண்ட்?"

இலாரியோ கம்பளி கிடந்த இடத்துக்கு நடந்தார். முழங்கால் மடிய மறுத்தது. கையை ஊன்றிக் குனிந்து, தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்ப வைத்தார்.

கழுதையிலிருந்து தெல்ஃபினா தானாகவே இறங்கினாள். கம்பளியைப் பார்த்தாள். அது யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேராக அபுந்தியோவின் முன்னால் போய் நின்றாள்.

"பெரிய மச்சான். தோட்டாவை எடுக்கச் சொன்னது நான். போலீஸுக்குச் சொன்னதும் நான். மெலித்தோன் அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான்."

தொழுவத்தில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். ஒரு மாடு வாலை வீசியது.

அபுந்தியோ எழுந்தான். தாச்சோவின் கை இடுப்பில் இருந்த கத்திக்குப் போனது. அந்தக் கத்தியால் அத்தனை பேருக்கு முன்னால் என்ன கிழிக்கப் போகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அபுந்தியோ தன் மேல்சட்டையைக் கழற்றினான். அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினான்.

"பாவம்" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. "துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு. ஒரு வாரமா சாப்பிடல, தூங்கல. யாராவது பொம்பளைங்களைக் கூப்பிட்டு உள்ளே கூட்டிட்டுப் போங்க."

"எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு! நான் சொல்றதைக் கேளுங்க! பாலாடைக்கட்டியைத் துணியில கட்டி..."

"பாலாடைக்கட்டியாம்." அபுந்தியோ கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "பாருங்க, எப்படி உளறுதுன்னு."

கூட்டமும் தலையை ஆட்டியது. அவள் சொன்னது அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அத்தனை பேர் கையிலும் மெலித்தோனின் ரத்தம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. இரண்டு பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்தார்கள். அவள் இழுத்தாள், திமிறினாள், "நான்தான், நான்தான்" என்றாள். அவர்கள் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே, நோயாளியை அழைத்துப் போவது போல அத்தனை பிரியமாக உள்ளே கூட்டிப் போனார்கள். கதவு சாத்திய பிறகும் அவள் குரல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

இலாரியோ தொட்டியருகே போனார். தாச்சோ இரண்டடி பின்னால் நின்றான், அவனுக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு கேட்டது.

"அந்தம்மா சொன்னது உண்மை, அபுந்தியோ. என்கிட்ட அத்தாட்சி இருக்கு."

அபுந்தியோ தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினான். குரல் வேறு ஆளுடையதாக இருந்தது.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அவ கழுதையிலேர்ந்து இறங்கி நடந்து வந்த நடையிலேர்ந்து." மீசையைத் துடைத்துக்கொண்டான். "நான் கேட்டேன்னு ஆச்சுன்னா ரெண்டு காரியம் செய்யணும், சார்ஜெண்ட். முதல்ல அவளை. நான் வெச்ச சட்டம் அது, ஊரு பார்த்துக்கிட்டு நிக்குது. அப்புறம், தப்பான ஆளைக் கொன்னதுக்கு என்னை. அந்தச் சின்னப் பொண்ணுக்கு அப்பன் போயாச்சு, ஞானத்தகப்பன் போயாச்சு. மிச்சம் இருக்கறது நாங்க ரெண்டு பேருதான். அதனால எனக்குக் காது கேக்கல."

"மெலித்தோன் துரோகின்னு ஊரு சொல்லும்."

"சொல்லும்."

"காலத்துக்கும் சொல்லும்."

"வேற வழி இருந்தா சொல்லுங்க. உங்க வேலை அதுதானே?" அவன் முதல் முறையாக இலாரியோவின் முகத்தைப் பார்த்தான். "உரக்கச் சொல்லணும்னா சொல்லுங்க. இப்பவே. எல்லாரும் இருக்காங்க. சொன்ன அடுத்த நிமிஷம் அந்தக் கதவைத் திறந்து அவளை வெளியே கொண்டாந்துதான் ஆகணும். சொல்றீங்களா?"

தாச்சோ சார்ஜெண்டின் முதுகைப் பார்த்தான். எத்தனையோ இக்கட்டில் அந்த முதுகைப் பார்த்து நின்றிருக்கிறான். கடைசி நிமிஷத்தில் அது திரும்பும், ஒரு வார்த்தை வரும், எதிரி வாயடைத்து நிற்பான். அப்படித்தான் எப்போதும் நடக்கும். அவன் காத்திருந்தான்.

முதுகு திரும்பியது. வார்த்தை வரவில்லை. இலாரியோ தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

வாசலில் ஒரு கழுதை வண்டி நின்றது. மெலித்தோனின் மனைவி தொமாசா வந்திருந்தாள். குள்ளமான பெண், முகத்தில் அழுகை இல்லை. நேராக உள்ளே போய்க் கம்பளியருகே குனிந்து, தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. சுற்றி நின்ற ஆண்களில் ஒருவரும் நகரவில்லை. துரோகியின் பிணத்தைத் தொடுவதில்லை.

தாச்சோ போய்க் காலைப் பிடித்தான். அதற்குள் இலாரியோவும் திரும்பி வந்து தோளைப் பிடித்தார். மூவரும் தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். தொமாசா கம்பளியை இழுத்துவிட்டு, முகத்தை மூடி, வெளியே நழுவிய ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தாள். குழந்தைக்குப் போர்த்துவது போல ஓரங்களைச் செருகினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நீங்கதானே துப்பறிய வந்தவரு?"

"ஆமாம்மா."

"என் புருஷன் அதைச் செஞ்சாரா?"

வேலியோரம் அபுந்தியோவின் ஆட்கள் நின்றார்கள். அபுந்தியோ தொட்டி விளிம்பில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். சாத்திய கதவுக்குப் பின்னால் சத்தம் இல்லை. தாச்சோ சார்ஜெண்டின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லுங்க, சார்ஜெண்ட். மெதுவா, அவ காதுக்கு மட்டும். ஆனால் அவள் காதில் விழுந்தது அவள் வாய்க்கு வரும், அவள் வாய்க்கு வந்தது அந்தக் கதவைத் திறக்கும். அது தாச்சோவுக்கும் தெரிந்திருந்தது.

"எனக்குத் தெரியலம்மா" என்றார் இலாரியோ.

தொமாசா தலையை ஒரு முறை ஆட்டினாள்.

"இதுக்குன்னு படிச்சவரு, இதுக்குன்னு வந்தவரு. உங்களுக்கே தெரியலைன்னா, அப்ப செஞ்சுதான் இருப்பாரு."

அவள் கழுதையின் கயிற்றைப் பிடித்தாள். வண்டி ஒரு குலுக்கலோடு கிளம்பியதில் மெலித்தோனின் ஒரு கை கம்பளியை விட்டு வெளியே வந்து, விளிம்பில் தொங்கி ஆடியது. தொமாசா திரும்பிப் பார்த்தாள். பார்த்தும், அதை எடுத்து உள்ளே வைக்காமல், கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.